டெம்பரரி பிரிட்ஜ் முழுதாகக் கழன்றால் தெரிந்துவிடும், ஒரு பக்கம் மட்டும் விட்டால்தான் தெரியாது

கீழ்க்கடைவாயில் எடுத்த ஒரு பல்லுக்காக அதன் இரண்டு பக்கத்துப் பல்லையும் செதுக்கி, மூன்று பல் ஒரே துண்டாகச் சேர்ந்த டெம்பரரி பிரிட்ஜ், அதாவது தற்காலிகப் பல் பாலம், ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள், நிரந்தர பிரிட்ஜ் வர 12 நாள் ஆகும், நடுவில் ஊரில் ஒரு கல்யாணம், டாக்டர் "கெட்டியா எதுவும் கடிக்காதீங்க" என்று மட்டும் சொன்னார், வேறு என்ன கவனிக்க வேண்டும், கழன்று விழுந்தால் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பல் மருத்துவர், 18 வருஷமாகத் தினமும் இந்த வேலைதான். இந்தக் கேள்விக்கு நாற்காலியில் உட்கார வைத்து ஐந்து நிமிஷம் பேசினால் பாதிப் பிரச்சினை வராது. ஆனால் பல் செதுக்கி முடித்த நேரத்தில் உங்களுக்கு வாய் மரத்துப் போயிருக்கும், எங்களுக்கு வெளியே அடுத்த ஆள் காத்திருப்பார், அதனால் ஒரு வரியில் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அது எங்கள் பக்கத்துக் குறைதான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. டெம்பரரியை நாங்கள் வேண்டுமென்றேதான் லேசாக ஒட்டுகிறோம். 12 நாள் கழித்து உள்ளே இருக்கும் பல்லுக்கு அடிபடாமல், ஒரு சின்னக் கருவியால் நெம்பினால் கையோடு வர வேண்டும். அதற்கென்றே இருக்கிற தற்காலிக சிமெண்ட் அது. ஒட்டின அன்று வாயில் கிராம்பு வாசனை அடித்ததா? அப்படியென்றால் துத்தநாக ஆக்சைடும் யூஜினாலும் கலந்த சிமெண்ட் போட்டிருக்கிறார்கள், யூஜினால் என்பது கிராம்பு எண்ணெயில் இருக்கும் முக்கியமான பொருள். வாசனை இல்லையென்றால் யூஜினால் இல்லாத வகையாக இருக்கும். எதுவானாலும் பிடிப்பு குறைவுதான். பிரிட்ஜும் பீங்கான் இல்லை, அக்ரிலிக்கோ அதைப் போன்ற ரெசினோதான். செதுக்குவதற்கு முன்னாலேயே உங்கள் பல்லுக்கு ஒரு அளவு எடுத்து வைத்திருப்பார்கள், செதுக்கி முடித்ததும் அந்த அச்சுக்குள் ரெசினைப் பிழிந்து மறுபடி வாயில் வைத்து, ரப்பர் மாதிரி இருக்கும்போதே எடுத்து ஓரம் தேய்த்து ஒட்டியிருப்பார்கள். அப்போது பல்மேல் கொஞ்சம் சூடு தெரிந்திருக்கலாம், ரெசின் இறுகும்போது வருகிற சூடு அது. கடிக்கும் பரப்பில் அதன் கனம் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். நடுவில் தொங்கும் பல்லும் பக்கத்துப் பல்லும் சேரும் இடம்தான் எல்லாவற்றிலும் பலவீனமான இடம், விரிசல் விட்டால் பெரும்பாலும் அங்கேதான் விடும்.

இவ்வளவு லேசான ஒன்றை எதற்கு வைக்கிறோம் என்றால், அழகுக்காக மட்டும் இல்லை. செதுக்கின பல்லின்மேல் எனாமல் பெரும்பாலும் போய்விட்டது, உள்ளே இருக்கும் டென்டின் என்ற அடுக்கில் நரம்பை நோக்கிப் போகும் கண்ணுக்குத் தெரியாத குழாய்கள் ஏராளம், அவற்றை மூட வேண்டும். அதைவிட முக்கியம், இடத்தைப் பிடித்து வைப்பது. பல் எலும்பில் ஆணி அடித்த மாதிரி நிற்பதில்லை, பக்கத்தில் தடுப்பு இல்லையென்றால் சாயும், எதிரில் தடுப்பு இல்லையென்றால் மேல்பல் கீழே இறங்கும். லேப்பில் உங்கள் நிரந்தர பிரிட்ஜை அன்று எடுத்த அளவுக்குத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள். நடுவில் பல் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் பிரிட்ஜ் உட்காராது. "வலியே இல்லை டாக்டர், அதான் கழன்றதும் எடுத்து வைத்துவிட்டேன்" என்று ஒன்பது நாள் கழித்து டெம்பரரியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தார் ஒருவர். லேப்பிலிருந்து வந்த கேப், அதாவது ஒற்றைப் பல்லுக்கான உறை, பக்கத்துப் பல்லில் முட்டிக்கொண்டு நின்றது. ஓரத்தைத் தேய்த்து உட்கார வைத்தால் கடி உயரமாக இருந்தது. கடைசியில் மறுபடி அளவெடுத்து இன்னும் ஒரு வாரம் காத்திருந்தார். வலி இல்லை என்பதால் அவசரம் இல்லை என்று நினைத்துவிட்டார். அவருடையது ரூட் கெனால் செய்து நரம்பு எடுத்த பல், திறந்து கிடந்தாலும் கூசி வலிப்பது எப்படி?

இப்போது உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்களுக்கு இருப்பது பிரிட்ஜ், தனிக் கேப் இல்லை. தனிக் கேப் விட்டால் வாயில் வந்து விழும், உடனே தெரிந்துவிடும். பிரிட்ஜ் இரண்டு கால்களில் நிற்கிறது. ஒரு காலில் சிமெண்ட் விட்டுப்போய், இன்னொரு கால் கெட்டியாகப் பிடித்துக்கொண்டால், பிரிட்ஜ் அதே இடத்தில்தான் இருக்கும், நீங்கள் சாப்பிட்டுக்கொண்டுதான் இருப்பீர்கள், ஒவ்வொரு கடியிலும் அந்தப் பக்கம் எச்சிலும் சாப்பாடும் உள்ளே போய் வரும். முழுதாகக் கழன்று விழுவதைவிட இதற்குத்தான் நான் பயப்படுவேன். பள்ளிக்கூட ஆசிரியை ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. இரண்டு பல்லும் ரூட் கெனால் ஆனவை, பரீட்சை நேரம் என்று நிரந்தர பிரிட்ஜைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தார். வாயில் ஏதோ வாடை வருகிறது என்றுதான் வந்தார். எடுத்துப் பார்த்தால் பின்பக்கத்துப் பல்லில் சிமெண்டே இல்லை, பல் ஓரம் பழுப்பாகி, கருவியால் தொட்டால் மெத்தென்று இருந்தது. அந்தச் சொத்தையை எடுத்து, குழியை அடைத்து, மறுபடி செதுக்கி, மறுபடி அளவெடுக்க வேண்டியதாயிற்று.

அதனால் தினமும் ராத்திரி பல் தேய்த்த பிறகு ஒரு நிமிஷம் ஒதுக்குங்கள். கண்ணாடி முன்னால் நின்று போன் வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து, ஆள்காட்டி விரலால் பிரிட்ஜின் முன்முனையை மெதுவாக அழுத்தி விடுங்கள், அப்புறம் பின்முனையை. அழுத்தும்போது ஓரத்தில் எச்சில் குமிழி குமிழியாக வெளியே வருகிறதா என்று பாருங்கள். வந்தால் அந்தக் கால் விட்டுவிட்டது. அழுத்தும்போது ஆடுவது, அந்தப் பக்கம் மட்டும் கசப்பாகவோ நாற்றமாகவோ இருப்பது, திடீரென்று குளிர்ந்த தண்ணீர் சுரீரென்று ஏறுவது, கடி மாறின மாதிரி தோன்றுவது, இவையும் அதே அறிகுறிதான். இதில் ஒன்று தெரிந்தாலும் மறுநாள் காலையில் டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எடுத்து, சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட எங்களுக்குக் கால் மணி நேர வேலை. நீங்களே ஒரு பக்கத்தைத் தூக்கி முழுதாகக் கழற்றப் பார்க்காதீர்கள், நெம்பினால் பிரிட்ஜ் இரண்டாக உடையும், சில சமயம் உள்ளே இருக்கிற பல்லும் சேர்ந்து உடையும்.

சாப்பாட்டைப் பற்றி. "கெட்டியா கடிக்காதீங்க" என்பது சரிதான், ஆனால் பாதிதான். கெட்டியான பண்டம் டெம்பரரியை உடைக்கும், ஒட்டுகிற பண்டம் அதைக் கழற்றும். என்னிடம் கழன்று வருகிறவர்களில் நிறையப் பேர் கழற்றிக்கொண்டது ஒட்டுகிற பண்டத்தில்தான். காரணம் எளிது. ஜவ்வு மிட்டாயைக் கடித்தால் பல் அதற்குள் இறங்குகிறது, வாயைத் திறக்கும்போது அது பல்லை நேராக மேலே இழுக்கிறது. நாங்கள் டெம்பரரியைக் கழற்றும்போது இழுக்கும் அதே திசை. கமர்கட், எள்ளுருண்டை, கடலை மிட்டாய், சூயிங்கம், டாஃபி, ரப்பர் மாதிரி இழுபடும் மஸ்கோத் அல்வா, பேரீச்சம்பழம் எல்லாம் இந்த 12 நாளுக்கு வேண்டாம். முறுக்கு, தட்டை, சீடை, தேங்காய்ச் சில்லு, கரும்பு, ஐஸ்கட்டி, நண்டு ஓடு, மட்டன் எலும்பு உடைக்கிற வகை. இன்னொன்றும் உண்டு, பல்லில் பிடித்துக்கொண்டு கையால் இழுத்துச் சாப்பிடுகிற பண்டங்கள்: முருங்கைக்காய், சோளக்கதிர், மாங்கொட்டை. முருங்கைக்காய் என்ன செய்யப்போகிறது, அதான் நன்றாக வெந்திருக்கிறதே என்று கேட்பார்கள். வெந்ததுதான், ஆனால் அதைப் பல்லிடுக்கில் வைத்து இழுப்பது டெம்பரரிக்கு நல்லதில்லை. சதையை விரலால் வழித்துச் சாப்பிடுங்கள். வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இருந்தால் பாக்கை அறவே விடுங்கள், பாக்குக் கடிப்பதைத் தாங்கும் பலம் அக்ரிலிக்குக்குக் கிடையாது.

இட்லி, பொங்கல், தயிர்சாதம், பருப்பு சாதம், கீரை மசியல், இடியாப்பம், வாழைப்பழம், முட்டை, முள் எடுத்த மீன் எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். பட்டினி கிடக்க வேண்டியதில்லை. கல்யாணச் சாப்பாட்டில் பந்தியில் உட்கார்ந்து அப்பளத்தையும் சிப்ஸையும் ஒதுக்கினால் போதும், மற்றதை எதிர்ப்பக்கமாக மென்று சாப்பிடுங்கள். ரசத்தையும் பாயசத்தையும் மட்டும் ஆறவிட்டுக் குடியுங்கள். செதுக்கின பல்லில் நரம்பு உயிரோடு இருந்தால் சூடும் குளிர்ச்சியும் கூசும். பரோட்டா பிரியர் என்றால் சால்னாவில் நன்றாக ஊறவைத்துச் சின்னச் சின்னத் துண்டாக, அதுவும் எதிர்ப்பக்கம். மஞ்சள், பீட்ரூட், டீ, காபிக் கறை அக்ரிலிக்கில் பிடிக்கும், கடைவாயில் அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கறை படிவதால் கெடுதல் எதுவும் இல்லை. முன்பல்லில் டெம்பரரி வைத்திருப்பவர்கள் மட்டும் சாப்பிட்ட உடனே வாய் கொப்பளித்துக்கொள்ளட்டும்.

முதல் நாளைப் பற்றி உங்களுக்கு இனிமேல் சொல்லிப் பயனில்லை, படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒட்டின பிறகு ஒரு மணி நேரம் எதுவும் மெல்லக் கூடாது. கீழ்த்தாடையில் ஊசி போட்டால் உதடும் நாக்கும் மரப்பு விட இரண்டிலிருந்து நாலு மணி நேரம் ஆகும், அதற்குள் சாப்பிட உட்கார்ந்தால் உதட்டையே கடித்துக்கொள்வீர்கள், சூடான காபியும் தெரியாமல் சுடும்.

அப்புறம் பல் தேய்ப்பது. இங்கேதான் எல்லோரும் தப்பு செய்கிறார்கள், கழன்றுவிடும் என்று பயந்து அந்த இடத்தில் பிரஷ்ஷே வைப்பதில்லை. அப்படிச் செய்தால் ஒரு வாரத்தில் ஈறு சிவந்து வீங்கி, தொட்டால் ரத்தம் வரும். நிரந்தர பிரிட்ஜ் ஒட்டும் அன்று ஓரம் ஈறுக்கு ஒட்டினாற்போல் உட்கார வேண்டும், ரத்தமும் கசிவும் இருந்தால் சிமெண்ட் சரியாகப் பிடிக்காது, நாங்கள் அன்றைக்கு ஒட்டாமலே திருப்பி அனுப்ப வேண்டி வரும். அதனால் மிருதுவான பிரஷ்ஷால், காலையிலும் ராத்திரியும், ஈறும் டெம்பரரியும் சேருகிற கோட்டில் மெதுவாகத் தேய்த்தே ஆக வேண்டும். பிரஷ் கழற்றாது. பல்பொடி, கரி, உப்புத்தூள் மாதிரி சொரசொரப்பானவை இந்த நாட்களுக்கு வேண்டாம், அக்ரிலிக்கில் கீறல் விழுந்து கறை இன்னும் சீக்கிரம் பிடிக்கும். வேப்பங்குச்சியை அந்தப் பக்கத்தில் கடிக்க வேண்டாம்.

ஃப்ளாஸ் நூல் பழக்கம் இருந்தால் விட வேண்டாம், ஆனால் இடுக்கில் இறக்கின நூலை மேலே இழுத்து எடுக்காதீர்கள், ஒரு முனையை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் உருவுங்கள். மேலே இழுப்பதும் ஜவ்வு மிட்டாய் இழுப்பதும் ஒன்றுதான். பிரிட்ஜில் நடுப்பல்லுக்கு அடியில் ஒரு சின்னச் சந்து இருக்கும், சாப்பாடு போய்த் தங்குவது அங்கேதான். அதற்கு முனை விறைப்பாக இருக்கும் சூப்பர்ஃப்ளாஸ் என்று ஒரு நூல் மருந்துக்கடையில் கிடைக்கும், ஊசியில் நூல் கோர்ப்பது மாதிரி வெளிப்பக்கமிருந்து உள்ளே விட்டு முன்னும் பின்னும் இரண்டு தடவை தேய்த்தால் போதும். பல்லிடுக்குக்கான குட்டி பிரஷ்ஷும் நல்லது. ஊக்கு, தீக்குச்சி எல்லாம் வேண்டவே வேண்டாம், ஈறைக் குத்திக்கொண்டு வந்தவர்களைப் பார்த்துச் சலித்துவிட்டது. ஈறு வலித்தால் ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கொப்பளியுங்கள். குளோர்ஹெக்சிடின் மவுத்வாஷ் டாக்டர் எழுதிக் கொடுத்தால் சொன்ன நாட்களுக்கு மட்டும், நீண்ட நாள் போட்டால் பல்லில் பழுப்புக் கறை விடும்.

சரி, கழன்று விழுந்தால். முதலில் துப்புங்கள், விழுங்கிவிடாதீர்கள். டெம்பரரியைத் தண்ணீரில் கழுவி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வையுங்கள், டிஷ்யூவில் சுற்றி வைத்தால் குப்பை என்று நினைத்து யாராவது எறிந்துவிடுவார்கள். டாக்டருக்குப் போன் செய்யுங்கள், அன்றோ மறுநாளோ போக முடிந்தால் நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், எதிர்ப்பக்கமாகச் சாப்பிட்டு, அந்தப் பல்லைச் சுத்தமாக வைத்துக்கொண்டு போங்கள். ஊரில் கல்யாண வீட்டில் இருக்கிறீர்கள், மூன்று நாள் கழித்துத்தான் திரும்ப முடியும் என்றால், அந்த ஊரிலேயே ஏதாவது பல் டாக்டரிடம் காட்டி ஒட்டிக்கொள்வதுதான் நல்லது. எந்தப் பல் டாக்டரும் இதைச் செய்வார், "டெம்பரரி, அடுத்த வாரம் நிரந்தரம் வைக்கப்போகிறார்கள், தற்காலிக சிமெண்ட் போட்டாலே போதும்" என்று மறக்காமல் சொல்லுங்கள். தெரியாமல் நிரந்தர சிமெண்ட் போட்டு ஒட்டிவிட்டால் பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

அதுவும் முடியாதபோது நீங்களே வைத்துக்கொள்ளலாம். டெம்பரரிக்கு உள்ளே ஒட்டியிருக்கும் சிமெண்ட் பொடியை மெதுவாக எடுத்துவிடுங்கள், செதுக்கின பல்லை மட்டும் எதனாலும் சுரண்டாதீர்கள். எதுவும் தடவாமல் முதலில் வெறுமனே வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் முன், எது பின் என்று கண்ணாடியில் பார்த்து. மெதுவாகக் கடித்தால் மற்றப் பற்கள் எப்போதும்போல் சேர வேண்டும். டெம்பரரி மட்டும் முதலில் முட்டினால் அது சரியாக உட்காரவில்லை, எடுத்து மறுபடி வையுங்கள், அழுத்திக் கடித்து உட்கார வைக்கப் பார்க்காதீர்கள். சரியாக உட்கார்ந்தால் துடைத்துக் காயவைத்து, உள்ளே செட்டுப்பல் ஒட்டுகிற கிரீமை மெல்லிசாகத் தடவி வைத்து, சுத்தமான துணியை வைத்து ஐந்து நிமிஷம் மெதுவாகக் கடித்துக்கொண்டிருங்கள். கிரீம் கிடைக்கவில்லையென்றால் சாதாரண டூத்பேஸ்ட் கொஞ்சம், அது சில மணி நேரம்தான் தாங்கும். ராத்திரி தூங்கும்போது கழற்றி டப்பாவில் வைத்துவிடுங்கள், தூக்கத்தில் கழன்று மூச்சுக்குழாயில் போய்விடக் கூடாது. பிரிட்ஜ் இரண்டாக உடைந்திருந்தால் வாயில் வைக்கவே வேண்டாம். வீட்டில் பக்கவாதம் வந்தவர்களோ விழுங்கச் சிரமப்படுகிற பெரியவர்களோ இருந்து அவர்களுடைய டெம்பரரி கழன்றால், இந்தக் கைவைத்தியம் எதுவும் செய்யாமல் நேரே டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

சூப்பர் க்ளூ மாதிரி உடனடிப் பசை மட்டும் போடவே போடாதீர்கள். முன்பல் டெம்பரரியை அப்படி ஒட்டிக்கொண்டு ஒரு பையன் வந்தான், மறுநாள் நிச்சயதார்த்தம். கோணலாக ஒட்டிக்கொண்டுவிட்டது, ஈறு வெள்ளையாக வெந்து போயிருந்தது. துண்டு துண்டாக வெட்டி எடுத்து, புதிதாக ஒன்று செய்து ஒட்டி அனுப்பினேன், நிச்சயத்துக்குச் சிரித்துவிட்டான், ஈறு ஆற ஒரு வாரம் ஆயிற்று. கிராம்பு எண்ணெயும் நீங்களாகத் தடவ வேண்டாம். சுத்தமான எண்ணெய் ஈறைப் புண்ணாக்கிவிடும், அதோடு ரெசின் சிமெண்ட் இறுகுவதைக் கெடுக்கிற குணம் யூஜினாலுக்கு உண்டு, உங்கள் நிரந்தர பிரிட்ஜை ரெசின் சிமெண்டால் ஒட்டப்போகிறார்களா என்பது டாக்டருக்குத்தான் தெரியும்.

தெரியாமல் விழுங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் மலத்தோடு போய்விடும். டாக்டரிடம் சொல்லிவையுங்கள், வயிறு வலித்தால் காட்டுங்கள். ஆனால் விழுந்த நேரத்தில் கடும் இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சில் விசில் சத்தம் வந்தால் அது மூச்சுக்குழாய்க்குள் போயிருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இருமல் கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டாலும் போங்கள். சாதாரண அக்ரிலிக் எக்ஸ்ரேயில் தெரியாது, அதை அங்கே இருக்கிற டாக்டரிடம் நீங்கள் சொல்ல வேண்டும். "எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டால் உள்ளே எதுவும் இல்லை என்று ஆகாது.

வலி எது சாதாரணம், எது இல்லை என்று கடைசியாக. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் கூசி, எடுத்ததும் அடங்கினால் சாதாரணம். கடிக்கும்போது மட்டும் அந்த இடம் முதலில் முட்டி வலித்தால் கடி உயரமாக இருக்கிறது, போய்ச் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் தேய்த்துவிடுவோம், பழகிவிடும் என்று பொறுத்துக்கொள்ளாதீர்கள், பல் உள்ளுக்குள் அடிபட்டுக்கொண்டே இருக்கும். சூடு பட்டதும் வலி பிடித்துக்கொண்டு நிமிஷக்கணக்கில் விடாமல் இருப்பது, ராத்திரி தூக்கத்தில் எழுப்பும் அளவுக்குத் துடிப்பது, இது நரம்பு கெட்டுவரும் அடையாளம், ரூட் கெனால் தேவைப்படலாம். நிரந்தரம் ஒட்டுவதற்கு முன்னால் தெரிந்தால் நல்லதுதான், ஒட்டின பிறகு தெரிந்தால் புது பிரிட்ஜில் ஓட்டை போட வேண்டி வரும். ஆகவே மாத்திரை போட்டு மறைத்துக்கொண்டு வராதீர்கள், சொல்லுங்கள். தாடைக்குக் கீழே வீக்கம், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, விழுங்க முடியாமை இருந்தால் காலை வரை காத்திருக்காமல் அன்று ராத்திரியே ஆஸ்பத்திரி.

கல்யாணத்துக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ஒருமுறை டாக்டரிடம் காட்டி இரண்டு காலும் பிடித்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பையில் சின்ன டப்பா, சூப்பர்ஃப்ளாஸ், செட்டுப்பல் கிரீம், டாக்டர் நம்பர். 12ஆம் நாள் போகும்போது, நிரந்தர பிரிட்ஜை ஒட்டுவதற்கு முன்னால் வெறுமனே வைத்துக் காட்டுவார்கள், நிறத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பாருங்கள், இரண்டு பக்கமும் கடித்துப் பார்த்து உயரமாகத் தோன்றினால் தயங்காமல் சொல்லுங்கள். கழற்றிய டெம்பரரியை அதுவரை குப்பையில் போட விடாதீர்கள். நிறமோ கடியோ சரியில்லாமல் பிரிட்ஜ் லேப்புக்குத் திரும்பிப் போனால் அன்றைக்கு அதே டெம்பரரியைத்தான் மறுபடி ஒட்ட வேண்டும்.